ரேந்தைக் காசு

“கிறிஸ்துமஸ் இதழுக்கு மிஷன் தொண்டு பற்றி ஏதாவது பண்ணுங்க” என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அநாதை இல்லம் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு திசையன்விளையிலிருந்து இடையன்குடிக்கு பஸ் ஏறினேன். பட்டியல் இன்னும் பையில் மடித்தபடியே கிடக்கிறது. ஒரு ஆச்சியின் திண்ணையில் பார்த்த தலையணை, கட்டுரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தூங்குகிற தலையணை இல்லை. கெட்டியாக அடைத்து, குண்டூசி குத்தினால் நிற்கும்படி இறுக்கியது. அதன்மேல் துளைபோட்ட அட்டை. துளைதோறும் குண்டூசி. ஊசிகளைச் சுற்றி வந்து கீழே தொங்கும் நூல்களின் நுனியில் சின்னச் சின்ன மரக்குச்சிகள், ஜோடி ஜோடியாக. இரண்டே அசைவுகள்தான்: நூலைக் குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. அதற்குள் பூ வருகிறது, இலை வருகிறது, சிலந்தி வலை வருகிறது. குச்சிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம், தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல இருக்கும்.

“எத்தனை குச்சின்னு எண்ணுவீங்களா ஆச்சி?”

“எண்ணுனா தப்பிரும் தம்பி. கை பாட்டுக்குப் போவும்.”

தமிழில் இதற்கு ரேந்தை என்று பழைய சொல் ஒன்று உண்டு, போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. இப்போது எல்லோருக்கும் லேஸ்தான்.

சொல் போர்த்துகீசியருடையது, இந்தப் பக்கத்துக்குத் தொழிலைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்துக்காரி. 1819 கடைசியில் கணவர் சார்லஸ் மால்ட்டோடு நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட். பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளி நடத்தியவர், எழுத்தோடு ரேந்தையும் சொல்லிக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள். அடிமை முறை சட்டப்படி முழுதாக ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்பிள்ளைகள் இருந்தார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. இந்த வரியைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் வேறெதையும் படிக்கவில்லை. யாரோ இரக்கப்பட்டு விடுவித்ததல்ல. விலையை அவளே கொடுத்திருக்கிறாள்.

மார்த்தாவின் மகள் எலைசா. நாகர்கோவிலில் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்தவர். 1844இல் கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்தார். மாப்பிள்ளை கால்டுவெல் யாரென்று வாசகர்களுக்குத் தெரியும். அவருக்குச் சிலையும் உண்டு, நினைவு இல்லமும் உண்டு. அவருடைய ஒப்பிலக்கணத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். எலைசாவைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. எலைசாவின் தாய்வீட்டுச் சீராக இந்த ஊருக்கு வந்தது ரேந்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, பக்கத்திலேயே தலையணையையும் வைத்தார்.

அந்தக் காசு என்ன செய்தது என்று புரிய, தேரிக்காட்டுக் கணக்குத் தெரிய வேண்டும். செம்மண் மேடு, பனை, அங்கங்கே கிணறு. பதநீர் சுரக்கும் சில மாதங்கள்தான் வருமானம். ஆண் காலையும் மாலையும் மரமேறுவான். இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது பெண்ணின் பாடு. விறகு பொறுக்குவதும் அவள்தான், அடுப்புச் சூட்டில் வேகிறதும் அவள்தான். ஆனால் கருப்பட்டியை எடைபோட்டு வாங்குகிற வியாபாரி காசைக் கொடுப்பது ஆணின் கையில். அதிலும் முன்பணம் வாங்கியிருந்தால் கழிவு போக மிஞ்சுவது கொஞ்சம். பாளை ஓய்ந்துவிட்டால் கடன்தான். ரேந்தைக்குப் பருவம் கிடையாது. மழையிலும் திண்ணையில் உட்கார்ந்து பின்னலாம். முடித்த துண்டுக்குக் கூலி, அதுவும் பின்னியவள் கையில். ஒரு வீட்டில் பெண்ணின் முந்தியில் தனியாக நாலு காசு முடிந்திருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. இதற்கு ஆய்வு வேண்டாம், நம் வீடுகளே போதும்.

மிஷன் வாங்கிக் கொடுத்த நிலம் இன்னொரு பெரிய கதை. வேதத்தில் சேர்ந்தவர்களைக் குடியிருந்த இடத்திலிருந்து விரட்டியபோது, அவர்களுக்கென்று இடம் வாங்கிக் குடியேற்றிய ஊர்தான் முதலூர்; ஆண்டு 1799. பிற்பாடு மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830இல் தருமச் சங்கம் வைத்து, இப்படி நிலம் வாங்குவதையே வேலையாகச் செய்தார். டோனாவூர் என்ற பெயரே, பணம் கொடுத்த ஜெர்மன் பிரபு டோனாவிடமிருந்து வந்தது. நாசரேத்தில் மர்காஷியஸ் ஐயர் 1876இல் வந்திறங்கியபோது தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்தில் சேர்ந்த அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டதோடு விடாமல், 1878இல் தொழிற்பள்ளி தொடங்கித் தச்சும் கொல்லு வேலையும் தையலும் பழக்கினார். கஞ்சித்தொட்டி மூடின பிறகும் உளி கையில் இருந்தது.

இதெல்லாம் மதம் மாற்றத்தானே என்பவர்கள் உண்டு. மிஷனரிகளும் அதை மறைத்தவர்கள் இல்லை. கால்டுவெல் 1849இல் இந்தத் தேரிக்காட்டு மக்களைப் பற்றி எழுதிய புத்தகம் அவர்களையே புண்படுத்தியதும் நடந்ததுதான். அந்த வழக்கு வேறு கட்டுரைக்கு.

எனக்கு உறுத்துவது வேறு.

திரும்பும் வழியில், பெயர் வேண்டாம், ஒரு சிற்றூரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விழா. பந்தலுக்குள் நூறு பெண்கள். ஆளுக்கொரு சேலை, ஐந்து கிலோ அரிசிப் பை. பையின் மேல் நிறுவனத் தலைவரின் படம். வாங்கியதும் போகவிடவில்லை. பேனருக்கு முன்னால் நிற்க வேண்டும், பையை நெஞ்சுக்கு நேரே, படம் தெரியும்படி பிடிக்க வேண்டும். ஒரு பெண் தலைப்பை இழுத்து முகத்தை மறைத்தாள். “முகம் தெரியணும்மா” என்று மைக்கில் சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற ஊழியத் தம்பியிடம் கேட்டேன். வெட்கப்படாமல் சொன்னான்: “போட்டோ போகலைன்னா அடுத்த வருஷம் ஸ்பான்சர் வராது சார்.”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. அரிசிப் பை படத்தில் விழும். தொழில் படத்தில் விழாது. ரேந்தை பழக மாதக்கணக்கில் ஆகும். முதல் துண்டு கோணலாகத்தான் வரும். அதைப் படமெடுத்து யாருக்கு அனுப்புவது? கோவிலோ கட்சியோ ரோட்டரி சங்கமோ, யார் கொடுத்தாலும் இன்று இதே பேனர், இதே வரிசை. ஆனால் மிஷன் வழிவந்தவர்களிடம் இதைப் பார்ப்பதுதான் அதிகம் வலிக்கிறது. ஏனென்றால் இதற்கு நேரெதிரான வழக்கம் அவர்களுடையது. சோறாக்க அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள் பெண்கள்; சேர்ந்ததும் கோவிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை. 1903இல் திருநெல்வேலிச் சபையார் தங்களுக்கென்று ஒரு மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்களே, சீமைப் பணத்தை நம்பியா? முந்தின தலைமுறையில் சபையின் உதவி வாங்கி நிமிர்ந்தவர்களின் கைக்காசு அது. பிடியரிசிப் பானைக்கு முன்னால் நிற்க வைத்து யாரையும் யாரும் படமெடுத்ததில்லை. போட்டது யார், எவ்வளவு என்பது அடுத்த வீட்டுக்கே தெரியாது.

அந்தப் பந்தலில் நின்ற நூறு பேரில் எத்தனை பேருடைய பாட்டிமார் பிடியரிசி போட்டவர்களோ.

ஆச்சியிடமே திரும்பிப் போனேன். ரேந்தையை இப்போது யார் படிக்கிறார்கள் என்று கேட்டதற்கு, பேத்தி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போவதாகச் சொன்னார். கூலி கூட, மறுக்க முடியாது. மிஷினில் மீட்டர் கணக்கில் வந்து கொட்டுகிற லேஸுக்கு முன்னால் விரல் என்ன செய்யும் என்றும் அவரே சொன்னார். கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது.

அதற்குள் ஆபீசிலிருந்து போன். “பயனாளி படம் ஒண்ணு வேணும், முகம் நல்லா தெரியிற மாதிரி.” கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு துண்டு விலைக்குக் கேட்டேன். உள்ளே போய், பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்துவந்து விலை சொன்னார். பழக்கதோஷத்தில் குறைத்துக் கேட்டுவிட்டேன்.

“அதுக்கு கடையில மிஷின் லேஸு கெடைக்கும், வாங்கிக்கிடுங்க” என்றார்.

சொன்ன விலையைக் கொடுத்தேன். இரண்டு தரம் எண்ணிப் பார்த்துச் சுருக்குப் பையில் போட்டு இறுக்கினார். பிறகு தலையணையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.