தரங்கம்பாடி டூ தனுஷ்கோடி: சோலோ ட்ரிப்பை ஏன் மெதுவா போகணும்?

ஈ.சி.ஆர். என்றாலே பலருக்கு மாமல்லபுரம், புதுச்சேரியோடு கதை முடிந்துவிடும். தனியாக வண்டி எடுத்துக்கொண்டு நிதானமாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு அதற்குத் தெற்கேதான் விஷயமே இருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்து தனுஷ்கோடி வரை ஏறக்குறைய 350 கி.மீ. ஒரே நாளில் ஓட்டிவிடலாம்தான். ஆனால் அப்படிப் போனால் கடலைச் சரியாகப் பார்க்காமலே வீடு திரும்ப வேண்டியதுதான்.

காரணம் சிம்பிள். பிரதான சாலை பெரும்பாலும் கடலை ஒட்டிப் போவதில்லை. வயல், சவுக்குத்தோப்பு, உப்பளம் என்று மாறி மாறி வரும். கடல் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மீனவர் ஊருக்குள் வண்டியைத் திருப்பணும். இப்படித் திரும்பித் திரும்பிப் போகத்தான் நேரம் தேவை.

ஒரே பயணம், இரண்டு கடல்

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரே வங்கக்கடல் அலை அடித்துக்கொண்டே இருக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வரை இதே முகம்தான். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தனியாகப் போகிறவர்கள் இங்கே கடலில் இறங்காமல் இருப்பது நல்லது. இழுத்தால் கூப்பிட ஆள் இருக்காது.

அடுத்து வேதாரண்யம். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய ஊர். இன்றைக்கும் உப்பளங்கள் வெள்ளை வெளேர் என்று கிடக்கின்றன.

கோடியக்கரையில்தான் ட்விஸ்ட். தெற்கே வந்துகொண்டிருந்த கரை இங்கே சட்டென மேற்கே திரும்புகிறது. யாழ்ப்பாணத் தீபகற்பம் வெளிக்கடலின் அலையைத் தடுத்துவிடுவதால், இதற்கு அப்பால் பாக் விரிகுடா பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். ஆழமும் குறைவு. வெயில் அடிவரை படுவதால் கடற்புல் வளர்கிறது. அதை மேயத்தான் கடல்பசு வருகிறது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அதற்காகவே 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கி.மீ. பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. கடல்பசுவைக் கரையில் இருந்து பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீங்க. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரமும் இந்தக் கரையில்தான் நிற்கிறது. செல்ஃபி எடுத்துவிட்டு ஓடாமல், மாலை வரை அங்கே உட்கார்ந்து பாருங்கள்.

எப்போ போகலாம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். ஜனவரி, பிப்ரவரி பெஸ்ட். கோடியக்கரையில் பூநாரைகளையும் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறும்.

இரவுத் தங்கலுக்கு வேளாங்கண்ணி, பட்டுக்கோட்டை, ராமேஸ்வரம் வசதி. வழியில் உள்ள சின்ன ஊர்களை நம்பி இருட்டும் வரை ஓட்டாதீங்க. பெட்ரோலையும் பாதி டேங்கிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

தனுஷ்கோடிக்கு மாலைக்குப் பிறகு வண்டிகளை விடுவதில்லை. அதனால் ராமேஸ்வரத்தில் தங்கி, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊரின் இடிபாடுகளைத் தாண்டி அரிச்சல்முனையில் நின்றால் இரண்டு கடலும் தெரியும். வடக்கே அமைதியான பாக் விரிகுடா, அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். இரண்டிலுமே குளிக்க இறங்கக் கூடாது.