பட்டினியும் நோன்பும்



உண்ணாவிரதம் என்றதும் நமக்கு 1932 நினைவுக்கு வரும். எரவாடா சிறையில் காந்தி உண்ணாமல் இருந்தார்; தனி வாக்காளர் தொகுதி உரிமையை அம்பேத்கர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. பிறரை நெருக்கிய பட்டினி அது. கனடாவின் பூர்வகுடிகள் தங்களையே கேள்வி கேட்டுக்கொள்ளும் நோன்பு ஒன்றைக் கடைப்பிடிக்கிறார்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் 16ஆம் எண் நெடுஞ்சாலையில் பூர்வகுடிப் பெண்கள் பலர் காணாமல் போனார்கள், கொல்லப்பட்டார்கள். மக்கள் அதைக் 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்கிறார்கள். 2011இல் அதனருகே வேட்டைக்குப் போன கேரியர் இனத்தவரான பால் லாசெர்ட்டும் மகள் ரேவனும், மூஸ் மானின் தோலைச் சிறு சதுரங்களாக வெட்டி ஆண்கள் அணியக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவே மூஸ் ஹைட் இயக்கமானது. ஆண்டில் ஒரு நாள், பங்கேற்போர் பகல் முழுதும் உணவும் நீருமின்றி இருக்கிறார்கள். பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறையை நிறுத்தும் பொறுப்பை ஆண்கள் தம் உடம்பால் ஏற்கும் நாள் அது.

ஆனால் அந்தச் சமூகத்தின் மீது பசி திணிக்கப்பட்ட வரலாறும் உண்டு. சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். 1948 முதல் 1952 வரை அவற்றில் ஆறு பள்ளிகளில் அரசு ஊட்டச்சத்துச் சோதனை நடத்தியது. ஒரு பள்ளியில் பால் போதாது என்று தெரிந்தும், ஒப்பீட்டுக்காக இரண்டு ஆண்டுகள் அதே குறைந்த அளவே கொடுத்தார்கள்.

அந்தப் பள்ளிகளில் வளர்ந்த ஒருவரிடம் "ஒருநாள் பட்டினிதானே" என்று சொல்ல முடியுமா? வயிறு காயும்போது பழைய பயம் திரும்பி வரலாம். அப்படியானால் நோன்பையே விட்டுவிடலாமே என்று தோன்றும். பூர்வகுடிகளின் பாட்லாட்ச் விருந்துச் சடங்கை 1884இன் சட்டத்திருத்தம் குற்றமாக்கியது. 1951 வரை தடை நீடித்தது. சடங்கைப் பறிகொடுத்து மீட்டவர்களிடம் அதை மறுபடி விடச் சொல்வது நியாயமில்லை.

உளக்காயம் அறிந்த அணுகுமுறை இங்கேதான் உதவுகிறது. என்ன நடக்கும், எப்போது முடியும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இடையில் சாப்பிடுபவரிடம் காரணம் கேட்கக் கூடாது. நீரிழிவு நோயாளிகள், கர்ப்பிணிகள், உணவோடு போராடுபவர்கள் வேறொன்றைத் துறந்தும் பங்கேற்கலாம். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நோன்பைச் சேர்ந்து முடிக்க வேண்டும். யாரும் கலங்கிய மனதோடு தனியே வீடு திரும்பக் கூடாது. வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் அவள் கதையைக் கேட்டு ஆண்களின் மனமாற்றத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு நாள் நோன்பு எந்த ஆணுக்கும் நற்சான்றிதழ் ஆகாது.

நாமும் உண்ணாநிலைப் போராட்டம் அறிவிக்கிறோம். பந்தலில் உட்காருபவர்களில் பசியை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார் என்று கேட்டுவிட்டு அறிவிப்போம்.