மனநலப் படிப்பு: 7 வருடம் படித்தும் "நம்பர்" இல்லாவிட்டால் போர்டு மாட்ட முடியாது!

"கவுன்சலிங் படி, நல்ல காசு!" என்பது இப்போது தெருவுக்குத் தெரு கேட்கும் பேச்சு.

டி.வி.யில் மனநலம், பள்ளிக்கூடத்தில் மனநலம், ஆபீசில் மனநலம். பிளஸ்-2 முடித்த பிள்ளைகள் பலருக்கும் சைக்காலஜி மீது ஒரு கண்.

ஆனால் நகையை அடகு வைத்து பீஸ் கட்டும் முன்பு, பெற்றோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்தப் படிப்பில் பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு!

2 பேர்

மாத்திரை எழுதிக் கொடுப்பவர் மனநல டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேலும் படித்தவர்.

மாத்திரை எழுதாமல், பேச்சிலும் பயிற்சியிலும் குணப்படுத்துபவர் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்". நோயாளிக்கு மனப் பரிசோதனை நடத்துவதும் இவர்தான்.

1794-ல் தோன்றிய சென்னை மனநல ஆஸ்பத்திரி, இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே போய் வந்தவர்களுக்கு இந்த 2 பேரையும் தெரியும்.

டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் குறி வைப்பது இரண்டாவது வேலையை.

7 வருடம்

இதுவரை இருந்து வந்த வழி இது: பி.எஸ்சி. 3 வருடம், எம்.எஸ்சி. 2 வருடம், அதற்கு மேல் ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு எம்.பில். 2 வருடம். ஆக மொத்தம் 7 வருடம்.

18 வயதில் காலேஜில் சேரும் பெண், படித்து வெளியே வரும்போது வயது 25.

பக்கத்து வீட்டுப் பையன் பி.காம். முடித்து 21 வயதில் வேலைக்குப் போய்விடுகிறான். மாதம் 15 ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும், 4 வருடத்தில் 7 லட்சத்து 20 ஆயிரம்!

இந்தப் பணம் எந்த பீஸ் ரசீதிலும் வராது. ஆனால் குடும்பத்துக்கு இதுவும் செலவுதான்.

வட்டி தூங்காது

படிப்பு முடிந்து 1 வருடம் வரை பேங்க் கடனுக்குத் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி தூங்குவதில்லை.

கடைசி 2 வருடப் படிப்புக்கு 5 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் 3-வது வருட முடிவில் வட்டி மட்டும் 1½ லட்சம். ஆக 6½ லட்சம். அதை 7 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 10 ஆயிரத்து 800 ரூபாய் வேண்டும்.

துண்டு விழும்

சொந்தமாக ஒரு ரூம் பிடிக்கிறார். ஒரு தடவைக்கு 800 ரூபாய் வாங்குகிறார். தொடக்கத்தில் தினம் ஒரு ஆள், மாதம் 20 நாள் என்றால் வரவு 16 ஆயிரம். வாடகை, கரண்ட் 8 ஆயிரம். மிச்சம் 8 ஆயிரம்.

தவணை 10 ஆயிரத்து 800 ஆயிற்றே! மாதம் 2 ஆயிரத்து 800 துண்டு.

தினம் 4 பேர் வந்தால் 64 ஆயிரம். வாடகையும் தவணையும் போக 45 ஆயிரம் கையில் நிற்கும். ஆனால் அந்தப் பெயர் ஒரே நாளில் வந்துவிடாது. ஒருவரிடம் முக்கால் மணி நேரம் பேச வேண்டிய தொழில் இது. மணிக்கு 10 பேரைப் பார்த்து அனுப்ப முடியாது.

ஆள் தேவை இல்லாமல் இல்லை. 2015-16-ல் நிமான்ஸ் நடத்திய தேசிய சர்வேப்படி, வயது வந்தவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் மனநலக் கோளாறு. கோளாறைப் பொறுத்து, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை.

தேவைப்படுபவர்கள் எல்லாரிடமும் 800 ரூபாய் இருக்க வேண்டுமே!

ஜெயில்

எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டு "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போர்டு மாட்டினால் என்ன ஆகும்?

1992-ம் ஆண்டு சட்டப்படி, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயர் பதிந்து நம்பர் வாங்கியவர்தான் அந்தத் தொழில் செய்யலாம். மீறினால் 1 வருடம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

எம்.எஸ்சி. படித்தவர் பள்ளிக்கூடம், போதை மறுவாழ்வு மையம் போன்ற இடங்களில் கவுன்சிலராகப் போகலாம். ஆனால் அந்தப் பட்டம் மட்டும் நம்பர் வாங்கித் தராது.

தபால் படிப்பு

வேலை பார்த்துக்கொண்டே தபாலில் சைக்காலஜி படிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கும் கதவு சாத்தியாகிவிட்டது. 2025 ஜூலை பருவம் முதல் தபாலிலோ ஆன்லைனிலோ சைக்காலஜிக்கு ஆள் சேர்க்கக்கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவு போட்டது.

எம்.பில். பட்டத்தையும் யு.ஜி.சி. 2022-ல் எடுத்துவிட்டது. மனநலத்துக்கு மட்டும் 2025-26 வரை விதிவிலக்கு கிடைத்தது. அதற்குப் பதிலாக மறுவாழ்வு கவுன்சில் புதுப் படிப்புகளைக் கொண்டு வந்திருக்கிறது. எனவே பழைய நோட்டீசை நம்பிப் பணம் கட்டுவது ஆபத்து.

3 கேள்வி

பீஸ் கட்டும் முன்பு காலேஜ் ஆபீசில் 3 கேள்வி கேளுங்கள்.

இந்தப் படிப்புக்கு மறுவாழ்வு கவுன்சில் அனுமதி உண்டா? எந்த வருடம் வரை? ஆஸ்பத்திரிப் பயிற்சி எங்கே?

பதிலை வாய்ப்பேச்சாக வாங்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். அப்படியே கவுன்சிலின் பட்டியலிலும் காலேஜ் பெயரைத் தேடிப் பாருங்கள்.

அதில் பெயர் இல்லையா? நகை பீரோவிலேயே இருக்கட்டும்!