புதிய ஆஸ்டியோபதி கல்லூரி: எதைக் கேட்டுத் தேர்வது?

டயாலிசிஸ் பிரிவிற்கு வாரம் மூன்று முறை வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சென்ற மாதம் சிகிச்சையின் நடுவே என்னை அழைத்தார். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவருடைய பேத்திக்கு இரண்டு புதிய ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. “எலும்பு வைத்தியப் படிப்புக்கா இவ்வளவு கடன், டாக்டர்?” என்றார். இதே ஐயத்தை வேறு இரு குடும்பத்தாரும் எழுப்பியிருப்பதால் இங்கு எழுதுகிறேன்.

எலும்பு மருத்துவம் என்று நாம் சொல்லும் ஆர்த்தோபீடிக்ஸ் வேறு, ஆஸ்டியோபதி வேறு. 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்த மரபு இது. அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர், எம்.டி. பட்டதாரியைப் போலவே மருந்து எழுதவும் அறுவை செய்யவும் முழு உரிமை உடையவர். தசை, மூட்டுகளைக் கைகளால் சீர்செய்யும் முறையையும் கூடுதலாகப் பயில்கிறார். 2020 முதல் இரு பட்டத்தாருக்குமான உயர்பயிற்சி ஒரே அங்கீகார அமைப்பின்கீழ் வந்துவிட்டது.

ஆகவே கவலை பட்டத்தைப் பற்றியதன்று, கல்லூரியின் வயதைப் பற்றியது. புதிய கல்லூரிக்கு முதலில் முன் அங்கீகாரமே கிடைக்கும். முழு அங்கீகாரம் முதல் அணி பட்டம் பெறும் காலத்தை ஒட்டியே வரும். ஒக்லஹோமாவில் செரோகி பழங்குடி அரசுடன் இணைந்து 2020-இல் தொடங்கிய கல்லூரி, 2024-இல் தன் முதல் பட்டதாரிகளை அனுப்பியது. பிட்ஸ்பர்கில் டியூகேன் பல்கலைக்கழகம் 2024-இல் தொடங்கிய கல்லூரி 2028 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை உயர்பயிற்சி இடம் பெற்றோர் எத்தனை பேர் என்று எந்தப் புதிய கல்லூரியாலும் காட்ட இயலாது. காட்டினால், அது யாருடைய கணக்கு என்று கேட்டறிய வேண்டும்.

நான் மிகுந்த கவனம் செலுத்தச் சொன்னது மூன்றாம், நான்காம் ஆண்டுகளைப் பற்றி. இக்கல்லூரிகள் பலவற்றிற்குச் சொந்த மருத்துவமனை இல்லை. மாணவர்கள் வெவ்வேறு ஊர்களில், சில வேளை வேறு மாநிலங்களில் உள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவர். அம்மருத்துவமனைகளுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா, பேச்சளவில் உள்ளதா? ஓர் இடத்திற்கு எத்தனை மாணவர்? ஊரை மாணவர் தேர்கிறாரா, குலுக்கலா? அங்கே உயர்பயிற்சி மருத்துவர்கள் இருக்கிறார்களா? விளம்பரக் கையேட்டில் மூச்சுவிடும் பொம்மை படுத்திருக்கும் கூடத்தின் படம் தவறாமல் இருக்கும். நான் மருத்துவம் கற்றதோ இரவுப் பணியில், மூச்சுத்திணறலுடன் வந்தவர்களின் கட்டிலருகில்.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். டி.ஓ. மாணவர்க்குக் காம்லெக்ஸ் தேர்வு கட்டாயம், எம்.டி. மாணவர் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வையும் பலர் விரும்பி எழுதுகின்றனர். 2022 முதல் இரண்டிலும் முதல் நிலைக்கு மதிப்பெண் இல்லை, தேர்ச்சி மட்டுமே. அதனால் இரண்டாம் நிலை மதிப்பெண்ணின் எடை கூடியுள்ளது. அதற்குப் படிக்கக் கல்லூரி எத்தனை வாரம் ஒதுக்குகிறது என்பதையும் கேட்கலாம்.

ஆசிரியர் இக்கேள்விகளைத் தம் குறிப்பேட்டில் எழுதிப் பேத்திக்கு அனுப்பினார். முன்பணம் கட்ட ஒன்பது நாள்களே இருந்தன. ஒரு கல்லூரி, மருத்துவமனைப் பட்டியலை மாணவர் எண்ணிக்கையுடன் இரண்டு நாளில் அனுப்பியது. உதவித்தொகை தருவதாகச் சொன்ன மற்றொன்று, கையேட்டையே மீண்டும் அனுப்பியது. பேத்தி பட்டியல் தந்த கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அது பெற்றோர் வீட்டிலிருந்து ஆறு மணி நேரப் பயணம். ஆசிரியருக்கு இப்போது அதுதான் குறை.