சூளையில் விளைந்த இரு நிறங்கள்

மண்ணுக்கு உருவந் தருபவன் குயவன். அவ்வுருவத்தை நிலைபெறச் செய்வது தீ. வெயிலில் உலர்ந்த பச்சைக்கலம் நீர் பட்டவுடன் மீண்டும் சேறாகிவிடும். சூளையிற் சுட்ட கலமோ உடைந்து துண்டுபட்ட பின்னரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணினுள் அழியாது கிடக்கும். பண்டை மக்களின் மரமும் துணியும் ஏடும் மக்கி மறைந்த இடங்களிலும் அவர்தம் பானையோடுகள் எஞ்சி நிற்றலின், தொல்லியலாளர் அவற்றைப் பெருஞ்சான்றாகக் கொள்வாராயினர். அவ்வோடுகளுள் தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் பெருவாரியாகக் கிடைப்பன கறுப்புஞ் சிவப்புமாகிய இரு நிறங்களையுங் கொண்ட மட்கலங்களாம். ஒரே மண்ணால் வனைந்து, வண்ணம் எதுவுந் தீட்டாத ஒரு கலம் இருநிறம் பெற்றது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணுமிடத்து, குயவர்தம் நுண்ணறிவும், வரலாறு எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கையும் ஒருங்கே விளங்கும்.

முதற்கண் தீயின் தொழிலை நோக்குவோம். களிமண்ணோடு இரசாயன முறையிற் பிணைந்துள்ள நீர், ஏறத்தாழ 500 முதல் 600 பாகை சதமவளவை வெப்பத்தில் நீங்கிவிடுகின்றது. அதன்பின் அம்மண் மீண்டும் சேறாவதில்லை. சாதாரணக் களிமண்ணில் இரும்புச் சேர்வைகள் கலந்திருக்கும். சூளையிற் காற்றுத் தாராளமாகப் புகுமாயின், அவ்விரும்பு ஒட்சிசனோடு கூடிப் பெரிக்கொட்சைட்டாக நிற்கும். கலம் செந்நிறம் பெறும். இதனை ஒட்சியேற்றம் என்பர். காற்றின் வழிகளை அடைத்துவிட்டால், எரியும் பொருளுக்கு வேண்டிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. அப்பொழுது உண்டாகும் காபனோரொட்சைட்டு, களிமண்ணிலுள்ள இரும்பொட்சைட்டினின்றும் ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ளும். அதனால் இரும்பு கரிய தாழ்ந்த ஒட்சைட்டாக மாறும். இது தாழ்த்தல் எனப்படும். இஃதன்றி, முற்றும் எரியாத புகையிலுள்ள நுண்ணிய காபன் துகள்கள் கலத்தின் நுண்டுளைகளிற் புகுந்து படிவதாலும் கருமை தோன்றும். ஆகவே, செம்மைக்குக் காரணம் ஒன்று. கருமைக்குக் காரணம் இரண்டு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, கருஞ்செங் கலத்தின் அமைப்பைக் காண்போம். அதன் உட்புறமும் விளிம்பும், விளிம்பையடுத்த வெளிப்புறத்தின் மேற்பகுதியும் கறுப்பு; வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. இரு நிறங்களும் கூடுமிடம் நேர்கோடாக அமையாது, ஏறியும் இறங்கியும், ஒன்றில் ஒன்று கரைந்தும் காணப்படும். தூரிகையால் தீட்டியிருப்பின் எல்லை இவ்வாறு மங்கியிராது. இது தீயும் புகையும் வகுத்த எல்லையாகும்.

இதனை விளக்க எழுந்த கொள்கைகள் மூன்று. கலங்களைச் சூளையில் வாய் கீழாகக் கவிழ்த்து, வைக்கோல், உமி, சாணம் முதலியவற்றில் விளிம்பு அழுந்துமாறு வைத்துச் சுட்டனர் என்பது முதலாவது. கவிழ்ந்த கலத்தினுட் காற்றுப் புகாமையால் அகம் கருகும். தீயும் காற்றும் தழுவும் புறம் சிவக்கும். கலத்தை முதலில் முற்றுஞ் சிவப்பாகச் சுட்டெடுத்து, பின்னர் ஒருமுறை கவிழ்த்துப் புகையூட்டினர் என்பது இரண்டாவது. செந்தணலாய் இருக்கும்போதே கலத்தை வெளியே எடுத்து, உமியிலோ மரத்தூளிலோ வாய்ப்புறத்தை அழுத்தினர் என்பது மூன்றாவது.

இவற்றுள் எது உண்மை என்பதை ஊகத்தால் மட்டும் துணிதல் வேண்டா. ஓட்டினை உடைத்து அதன் குறுக்குமுகத்தை நோக்கலாம். மண்ணிலே இயல்பாயுள்ள சேதனப் பொருள்கள் எரிந்து நீங்குவதற்குக் காற்றுங் காலமும் வேண்டும். ஒரே சூட்டில் அகம் அடைபட்டிருந்ததாயின், உட்புறத்திலிருந்து சுவரின் நடுப்பகுதி வரையிலும் கருமை பரவியிருத்தல் கூடும். முன்னரே நன்கு சிவந்த கலத்துக்குப் பின்னர்ச் சிறிது நேரம் புகையூட்டியிருப்பின், செந்நிறச் சுவரின்மேல் மெல்லிய கரும்படையே காணப்படும். கருமை காபனால் வந்ததாயின், அவ்வோட்டைத் திறந்த தீயில் மீண்டும் சுட, காபன் எரிந்து நீங்க ஓடு வெளிறியோ சிவந்தோ வரும். எல்லா ஊர்க் குயவரும் ஒரு முறையையே கையாண்டனர் எனக் கொள்ள வேண்டுவதில்லை. வெவ்வேறு வழிகள் ஒரே தோற்றத்தில் முடிதல் கூடும். ஆதலின், ஒவ்வோரிடத்து ஓட்டையும் தனித்தனியே சோதித்தல் முறையாகும்.

நிறத்துக்கு அடுத்துக் கருதற்பாலது மேற்பரப்பின் மெருகு. இக்கலங்களின் பளபளப்புக் கண்ணாடிப் பூச்சினால் வந்ததன்று. கலம் அரையுலர்வாய் இருக்கும்போது வழவழப்பான கூழாங்கல்லால் அதனைத் தேய்ப்பர். தேய்க்கத் தேய்க்கத் தட்டையான களிமண் துகள்கள் மேற்பரப்புக்கு இசையப் படிந்து ஒளியைச் சீராகத் தெறிக்கச் செய்யும். மெருகு அழகுக்கு மட்டும் உரியதன்று. கலத்தின் நீர்க்கசிவையும் அது குறைக்கும். ஆயினும் வெப்பம் அளவிறந்து ஏறினால் துகள்கள் சுருங்கி மெருகு மங்கிவிடும். வெப்பமானி இல்லாத காலத்துக் குயவர், தணலின் நிறத்தையும் புகையின் தன்மையையும் கொண்டே அவ்வளவை உணர்ந்தனர். ஐயூர் முடவனார் பாடிய புறநானூற்று 228ஆம் பாட்டு, முதுமக்கட்டாழி வனையும் குயவனை விளித்துக் கூறுமிடத்து, அவன் சூளையினின்றும் எழும் செறிந்த புகையைச் சிறப்பித்தல் ஈண்டு நினைத்தற்குரியது.

தீயை அடைத்துந் திறந்தும் நிறம் விளைத்த கலை தமிழ் நிலத்துக்கு மட்டும் உரியதன்று. கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் ஏதென்சுக் குயவர் அதனை ஓவியக் கருவியாகவே கொண்டனர். மிக நுண்ணிய களிக்குழம்பினால் கலத்திற் சித்திரந் தீட்டி, முதலிற் காற்றோட்டத்தில் சுட்டனர். பின்னர்க் காற்றை அடைத்துக் கலம் முழுவதையும் கறுக்கச் செய்தனர். ஈற்றில் மீண்டும் காற்றைப் புகவிட்டனர். நுண்களி தீட்டிய இடம் இரண்டாம் நிலையில் உருகி இறுகிவிட்டமையால் ஒட்சிசன் உட்புகாது கறுப்பாகவே நின்றது. ஏனைய இடம் சிவந்தது. இம்மறை பல நூற்றாண்டு மறைந்து கிடந்து, 1942இல் தியடோர் சூமன் என்னும் யேர்மானிய அறிஞரால் விளக்கம் பெற்றது. இரைன் நதிப் பகுதிக் குயவரோ கொழுந்துவிட்டெரியும் சூளையிற் கறியுப்பை எறிந்தனர். உப்பினின்றும் எழும் சோடிய ஆவி களிமண்ணின் சிலிக்காவோடு கூடிக் கலத்தின்மேற் கண்ணாடிப் படையாயிற்று. யப்பானில், பதினாறாம் நூற்றாண்டில் சோசிரோ என்பார் தேநீர்ச் சடங்குக்கெனச் செய்த ராக்குக் கிண்ணங்கள் செந்தணலாய் இருக்கும்போதே சூளையினின்றும் எடுக்கப்பட்டன. அவ்வாறு எடுத்த கலத்தை மரத்தூள் முதலியவற்றிற் புதைத்துப் புகையூட்டும் வழக்கம், 1960ஐ அடுத்து அமெரிக்கக் கலைஞரிடையே பரவியதாகும். பண்டைக் கருஞ்செங் கலம் பற்றிய மூன்றாங் கொள்கையோடு இஃது ஒப்புமை உடைத்து.

இவ்விடத்தில் வரலாற்று வினா ஒன்று எழுகின்றது. மேற்பகுதி கறுத்த செங்கலங்கள், பிளிண்டர்சு பெற்றி என்பார் 1894-95இல் அகழ்ந்த எகிப்தின் நக்காடாவிலும் கிடைத்தன. அவை கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டுக்குரியன. இராசத்தானத்து அகாரில் இருநிறக் கலங்கள் உண்டு. அலெக்சாந்தர் இரே அகழ்ந்த ஆதிச்சநல்லூரிலும், 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், 1947இல் அவரே ஆராய்ந்த பிரமகிரியிலும் உண்டு. ஈழத்தில் பொம்பரிப்பு, கந்தரோடை, அநுராதபுரம், திசமகாராமை ஆகிய இடங்களிலும் உண்டு. இவற்றையெல்லாம் ஆக்கினோர் ஓரினத்தவர் எனக் கூறலாமோ?

கூறலாகாது. கவிழ்த்த கலத்தினுட் புகையை அடைக்கும் எவர்க்கும் தீ இந்நிறங்களைத் தந்தே தீரும். அது பொருளின் இயல்பு, குலத்தின் குறியன்று. நைல் நதிக் குயவரும் தாமிரபரணிக் குயவரும் ஒருவரையொருவர் அறியாமலே இதனைக் கண்டிருத்தல் கூடும். ஆயின் நிறத்தோடு கலத்தின் வடிவம், தாழியில் அடக்கஞ் செய்யும் முறை, இரும்புக் கருவி, ஓடுகளிற் கீறிய குறியீடு ஆகியனவும் ஒத்திருக்குமிடத்து அவ்வொப்புமை வலிமை பெறுகின்றது. மன்னார்க் குடாவின் இரு மருங்கும் அமைந்த ஆதிச்சநல்லூரையும் பொம்பரிப்பையும் அறிஞர் இணைத்து நோக்குதல் இவ்வகைப் பல சான்றுகளின் கூட்டத்தினாலேயாகும், நிறமொன்றினால் மட்டுமன்று. இன்னும், தமிழ் வழங்கும் கந்தரோடையிலும் சிங்களம் வழங்கும் அநுராதபுரத்திலும் இக்கலம் கிடைத்தமை, இத்தீவின் பழைய மக்கள் ஒரு பொது வாழ்க்கை முறையிற் பங்குகொண்டனர் என்பதைப் புலப்படுத்தும். அதனைப் பிற்காலத்து மொழிச் சண்டைக்கு ஆயுதமாக்குவோர், எத்தரப்பினராயினும், ஓடு சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிப்போரே ஆவர்.

ஓடு சொல்வது வேறு. எழுத்திற் பெயர் பதியாத ஒரு குயவன், சூளையின் வாயை எப்பொழுது திறப்பது, எப்பொழுது அடைப்பது என்பதைத் திட்டமாய் அறிந்திருந்தான் என அது சொல்கின்றது. இரசாயன நூல் பிறவாத காலத்தில் இரசாயன மாற்றத்தை ஆண்ட கை அவனது. கல்லூரி மாணவர் நூதனசாலையில் ஓர் ஓட்டைக் காண நேரின், அது எந்நாட்டது, எவ்வினத்தது என்று வினவுமுன், எவ்வாறு சுடப்பட்டது என்று வினவுவாராக. அவ்வினாவுக்குரிய விடை ஓட்டின் உடைந்த முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது.