மதிலுக்கு உள்ளேயும் காவல்

வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே கொடைக்கானலுக்கு வர வேண்டும் என்னும் நடைமுறை, சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தொடங்கியது. சோதனைச் சாவடியைக் கடந்துவிட்டால், கடைத்தெருவிலோ ஏரிக்கரையிலோ அதை மீண்டும் கேட்பாரில்லை. ஆனால் பேரிஜம் ஏரிக்குச் செல்ல அந்த அனுமதி போதாது; வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். பெரிய நிறுவனங்களின் கணினிக் காவலில் இன்று நிகழ்ந்துவரும் மாற்றத்தை இவ்விரு அனுமதிகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

நெடுங்காலம் அந்நிறுவனங்கள் வாயிற்காவலையே பெரிதும் நம்பியிருந்தன. கடவுச்சொல்லைக் கூறி உள்ளே வந்தவர் நம்மவர். அவர் எங்கு உலவினாலும் ஐயமில்லை என்பது கொள்கை. கடவுச்சொல்லைக் களவாடியவனும் அவ்வாறே உலவலாம் அல்லவா? இந்நம்பிக்கையே குறை என்று கண்டு, ஜான் கிண்டர்வாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2010இல் ‘ஜீரோ டிரஸ்ட்’ என்னும் முறையை முன்வைத்தார். உள்ளிருந்து வரும் கோரிக்கையாயினும், கேட்பவர் யார், எந்தக் கருவியிலிருந்து கேட்கிறார், அது அவர் பணிக்குத் தேவையா என்று ஒவ்வொரு முறையும் ஆராய்ந்தே கதவைத் திறப்பது அம்முறை.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள தகவல்கள் படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டன. பதிவும் சேர்க்கையும் கையெழுத்துத் தாள்களுக்குத் திரும்பின. பெரும்பாலான கணினிச் சேவைகள் மீள இரு வாரங்கள் ஆயின. தொலைதூரத்திலிருந்து நோயாளியை அழைத்துவந்து வரிசையில் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே இதற்குக் காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதாவது, வாயிலைக் கடந்தவனைத் தடுக்கப் போதிய உட்கதவுகள் இல்லை.

‘எங்களை நம்பவில்லையா?’ என்று ஊழியர் மனம் வருந்துவது இயல்பே. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டினைத் தனியே பிரிக்க எனக்கும் உரிமை இல்லை. முத்திரை சிதையாதிருப்பதைச் சாட்சிகள் கண்டு, நேரம் குறித்துக் கையொப்பமிட்ட பின்னரே பிரிப்போம். அதனை இழிவென்று நான் கருதியதில்லை. பின்னாளில் ஐயம் எழுமாயின் என்னைக் காக்கும் சான்றும் அந்தக் கையொப்பமே.

எனினும், ஆயிரக்கணக்கானோர் பணியாற்றும் இடத்தில் இதனை ஒரே நாளில் நிறுவ இயலாது. எவை காக்கத்தக்கவை என்னும் பட்டியலே பல அலுவலகங்களில் இராது. முதலில் அதனை எழுத வேண்டும். பழைய இயந்திரங்கள் சில புதிய சோதனைக்கு இணங்கா. அவற்றைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். அடிக்கடி ஓ.டி.பி. கேட்டுச் சலிப்பூட்டினால் ஊழியர் குறுக்குவழி தேடுவர். ஆதலின் சிறு செயலுக்குச் சிறு சோதனையும், சம்பளப் பட்டியல், நோயாளர் குறிப்பு போன்றவற்றிற்குக் கடுஞ்சோதனையும் தகும். மேலதிகாரிகள் தமக்கு விலக்குக் கேட்பதே பெரிய இடையூறு. திருடன் முதலில் நாடுவது அவர்களுடைய கடவுச்சொல்லையே. அவர்களுக்கு விலக்களித்தால் மற்றோரைச் சோதிப்பதில் பயனில்லை.

பெருஞ்செலவின்றி இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஓய்வு பெற்றவர், மாற்றலாகிச் சென்றவர் ஆகியோரின் கணக்குகளை அன்று மாலையே மூடிவிடலாம். பள்ளிச் சாவிக்கொத்தை ஒப்படைத்த பின்னரே என்னை வழியனுப்பினார்கள்.