ஐந்து நிமிடம் கட்டிவைத்த கை

பி.பி. பார்க்கும் பட்டையை முன்கையில் சுற்றுகிறார்கள். ரத்தம் அடியோடு நிற்கும் வரை காற்றை ஏற்றி, ஐந்து நிமிடம் அப்படியே விடுகிறார்கள். கை மரத்துப்போகிறது. பட்டையைத் தளர்த்தியதும், மடை திறந்ததுபோல் ரத்தம் பாய்கிறது. மேற்கையில் ஓடும் தமனியை ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆரோக்கியமானவருக்கு ஒரு நிமிடம் போல ஆவதற்குள் அந்தத் தமனி விரிந்து கொடுக்கும். நாலு மில்லிமீட்டர் குழாய் கால் மில்லிமீட்டர் அகலமாவதே நல்ல விரிவுதான். முடக்குவாதம் உள்ள பலருக்கு அந்த விரிவு குறைந்துபோயிருக்கிறது.

விரல் மூட்டு வீங்கிக் கிடப்பவருக்கு மேற்கைத் தமனியில் என்ன கோளாறு? அதற்கு முதலில், தமனியை விரியச் செய்வது யார் என்று தெரியவேண்டும்.

ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். நெடுங்காலம் அதைக் குழாய்க்கு உள்ளே பூசிய வெறும் பூச்சு என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணம் நியூயார்க்கின் புரூக்ளினில், ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வுக்கூடத்தில் உடைந்தது. முயலின் பெருந்தமனியைக் கீற்றாக வெட்டி, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டால் அது சுருங்கும். ஆனால் உயிருள்ள விலங்குக்கு அதே பொருளைக் கொடுத்தால் குழாய் விரியும். இந்த முரண் பல ஆண்டுகளாக அவிழாமலே இருந்தது. 1978-ல் ஒரு சோதனையில் குழாய்த் துண்டு எதிர்பாராமல் விரிந்தது. தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது: கீற்று வெட்டும்போது உட்புறம் உரசி, அந்தப் படலம் கழன்றுபோய்க்கொண்டிருந்தது. படலம் இருந்தால் குழாய் விரிகிறது, இல்லாவிட்டால் சுருங்குகிறது. படலம் நீக்கிய கீற்றின் மேல் படலமுள்ள கீற்றை ஒட்டிவைத்தார் ஃபர்ச்காட். படலமில்லாத கீற்றும் விரிந்தது. அப்படியானால் படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து பக்கத்துத் தசைக்குப் போயிருக்கவேண்டும். 1980-ல் இதை வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடு வாயு என்று பின்னால் தெரிந்தது. 1998-ல் அவரோடு லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

கையில் பட்டை கட்டும் சோதனையை 1992-ல் லண்டனில் டேவிட் செலர்மேயர் குழுவினர் அறிமுகப்படுத்தினார்கள். ரத்தம் வேகமாகப் பாய்ந்து உட்படலத்தை உரசும்போது, படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது, தசை தளர்கிறது. விரிவு குறைந்தால் படலம் வேலை செய்யவில்லை என்று பொருள். தசையே பழுதாகியிருந்தால்? அதற்கும் ஒரு சோதனை உண்டு. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினைக் கொடுப்பார்கள். அது படலத்தின் தயவு இல்லாமல் நேரே தசையைத் தளர்த்தும். முடக்குவாதக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குழாய் இந்த மருந்துக்கு நன்றாகவே விரிகிறது. அதாவது தசை நன்றாக இருக்கிறது, பழுது படலத்தில்.

முடக்குவாதம் வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுச் சவ்வையே தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் விறைத்திருக்கும். வீங்கிய சவ்வு டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை உற்பத்தி செய்கிறது. அவை மூட்டோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றுகின்றன. உட்படலம் முழுவதும் இரவும் பகலும் அவற்றில் நனைந்துகொண்டே இருக்கிறது. விளைவு, நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி குறைகிறது. உற்பத்தியானதையும் அழற்சியில் பிறக்கும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிடித்து அழிக்கின்றன. வழுவழுப்பாக இருக்கவேண்டிய படலம் பசைபோல ஆகி, வெள்ளை அணுக்களைப் பிடித்து ஒட்டவைக்கிறது. கொழுப்பு படிந்து தமனி அடைபடுவதற்கு இதுவே முதல் படி.

அதே வேளையில் மூட்டுக்குள் நேரெதிராக ஒன்று நடக்கிறது. தடித்த சவ்வுக்கு ஆக்சிஜன் போதாததால், அங்கே புதுப்புது ரத்தக் குழாய்கள் களைபோல முளைக்கின்றன. ஒழுங்காக வளராத, கசியும் குழாய்கள். அவை வழியாக மேலும் வெள்ளை அணுக்கள் வந்து இறங்க, சவ்வு குருத்தெலும்பின் மேல் படர்ந்து அரிக்கிறது. ஆக, முடக்குவாதத்தை எலும்பு மூட்டு நோய் என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். அது ரத்தக் குழாய் நோயும்கூட என்பது என் உறுதியான கருத்து.

கணக்கும் அதையே சொல்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மாரடைப்பு வாய்ப்பைக் கணிக்கும் அட்டவணையில் வரும் எண்ணை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பான யூலார். நெதர்லாந்தில் இவர்களைச் சர்க்கரை நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். ஆபத்து கிட்டத்தட்ட சமமாக இருந்தது. சர்க்கரை இருந்தால் இதயத்தைக் கவனிக்கவேண்டும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முடக்குவாதத்துக்கு அந்த எச்சரிக்கை இன்னும் வந்து சேரவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: நோய் தீவிரமாக இருக்கும்போது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு குறைந்து தெரியும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைவது தவறு.

பழுதான படலம் மீளுமா? 2002-ல் சூரிச்சில், மெத்தோட்ரெக்சேட் என்ற வழக்கமான முடக்குவாத மருந்துக்கு நோய் அடங்காத 11 பேருக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைக் கொடுத்தார்கள். 12 வாரத்தில் தமனி விரிவு 3.2 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாக உயர்ந்தது. நைட்ரோகிளிசரினுக்கு விரியும் அளவு மாறவில்லை. மேம்பட்டது படலம்தான். சிறிய ஆய்வு, சிறிய முன்னேற்றம். ஆனாலும் அழற்சியை அடக்கினால் குழாய்க்கும் நல்லது என்பதை நம்பிக்கையூட்டும்படி காட்டியது. விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கும் இதய நோய் குறைவாகவே வருகிறது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் இதற்கு நேர்மாறு: நீண்ட நாள் விழுங்கினால் பி.பி.யையும் இதய ஆபத்தையும் கூட்டக்கூடியவை. கடையில் கேட்டு வாங்கும் அந்த மாத்திரை வலியை மட்டும் மறைக்கும்.

உங்கள் வீட்டில் முடக்குவாதம் உள்ளவர் இருந்தால் வீக்கம் வற்றியதும் மருந்தை நிறுத்த விடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள். புகை மூட்டையும் குழாயையும் ஒருசேரக் கெடுக்கிறது. அடுத்த முறை வாத நோய் மருத்துவரிடம் போகும்போது பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். காரணம் தெரியாத மூச்சுத் திணறலோ அசதியோ வந்தால் மூட்டு நோயின் அலுப்பு என்று விட்டுவிடாமல், உடனே ஓர் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.